மனசு நாற்று மாதிரி என்று யார் சொன்னது?

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு மாடி அறையில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து, கைப்பேசியில் கேட்கிற கதைகள் தயாரிக்கிறார்கள். நான் வானொலி நாடகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மைக் முன்னால் எப்படி நிற்பது என்று சொல்லித்தர ஒரு நாள் கூப்பிட்டார்கள். போனேன், சொல்லித்தந்தேன். கிளம்புகிற நேரத்தில் நிவேதா என்ற பெண் தான் எழுதிய கதையைக் கொடுத்து, "படிச்சுட்டு சொல்லுங்க மேடம்" என்றாள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் கூலி வேலை பார்க்கிற ஒரு தாய். நர்ஸ் வேலை கிடைத்த மகள் சென்னைக்குக் கிளம்புகிறாள். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற தாயின் மனம் என்ன நினைக்கிறது? "அறுவடை முடிந்த வயலாய் என் நெஞ்சம் வெறிச்சோடிக் கிடக்கிறதே!" அடைப்புக்குறிக்குள், பின்னணியில் புல்லாங்குழல்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பொண்ண பஸ் ஏத்திவிட வந்த எடத்துல இந்தம்மா எதுக்கு வயலை நினைக்குது?"

"வயல்ல வேலை பாக்குறவங்கதானே மேடம்."

"நீ நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துருக்க. நீ ஊருக்குக் கிளம்பறப்ப உங்கம்மா அழுதாங்கன்னா, 'சார்ஜ் எறங்கின லேப்டாப் மாதிரி என் நெஞ்சு அணைஞ்சு போச்சே'ன்னா நினைப்ப?"

எல்லாரும் சிரித்தார்கள். நிவேதாவும் சிரித்தாள். "அது வேற மேடம்" என்றாள். என்ன வேறு என்று கேட்டேன். பதில் இல்லை. அந்தப் பதில் வராத இடத்தில்தான் நான் என் உத்தியோகக் காலம் முழுக்கச் சண்டை போட்டேன். எத்தனையோ பேருக்கு என்னைப் பிடிக்காமல் போனது. இன்றைக்கும் அந்தச் சண்டையை நான் விடுவதாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள், விடுமுறை நாட்களில் நானும் போயிருக்கிறேன். கல்லூரியில் நாடகம் போட்டது, வானொலியில் குரல் தேர்வுக்குப் போனது, முதல் தடவை தோற்றது, அடுத்த தடவை தேறியது எல்லாம் எல்லாருக்கும் நடக்கிற கதைதான். நாடகப் பிரிவில் முதலில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தேன். நடிக்கவும் வேண்டும், வருகிற நாடகங்களைப் படித்துத் திருத்தவும் வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுகிறவர் பிரிவின் தலைவர் விஸ்வநாதன் சார்.

சாருக்குக் குத்தாலம் பக்கம் பூர்வீக நிலம் உண்டு. நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு வசனம் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவ படிங்கம்மா" என்பார். படித்தால், "ம்ம்" என்பார். மறுபடி கண்ணாடியை மாட்டினால்தான் தப்பித்தோம். அதிகாரி என்பதால் பச்சை மசிப் பேனா. அந்தப் பச்சை விழுந்த வரியை மாற்றிப் பேச எங்கள் பிரிவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதில் ஒளிவு மறைவு இல்லை. வானொலி நாடகத்தில் முகம் கிடையாது. ஒருவர் வாய்விட்டுப் பேசுவதையும் மனசுக்குள் நினைப்பதையும் கேட்கிறவர் காதாலேயே பிரித்தறிய வேண்டும். வாய்ப்பேச்சு என்றால் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும், முகம் எதிராளியைப் பார்த்திருக்க வேண்டும். மனக்குரல் என்றால் மைக்குக்கு நாலு விரல் தூரத்தில் வர வேண்டும். நேராக வாயை வைத்தால் 'ப' வருகிற இடமெல்லாம் வெடிக்கும், ஆகவே கொஞ்சம் ஒருக்களித்து நிற்க வேண்டும். கஞ்சி போட்ட புடவை மொடமொடக்கும் என்பதால் கூடாது. வளையலைக் கழற்றிவிட வேண்டும். பேசி முடித்த தாளைச் சத்தமில்லாமல் கீழே நழுவவிட வேண்டும். ஆரம்பத்தில் மனக்குரல் என்றால் கிசுகிசுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சார்தான் திருத்தினார். "கிசுகிசுத்தா அடுத்த வீட்டுக்காரிகிட்ட சொல்ற மாதிரி இருக்கும்மா. நினைப்புக்கு ரகசியம் கிடையாது. கேக்க ஆள் இல்லாதப்ப யாருக்குப் பயந்து குரலக் குறைக்கணும்?" என்றார்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. சுவாமிமலையில் சிலை வார்க்கிற குடும்பத்தை வைத்து ஒரு நாடகம் வந்தது. ஸ்தபதியின் மனைவியாக நான். கணவன் கோபித்துக்கொண்டு போகிற கட்டத்தில், "என் மனம் மெழுகாய் உருகுகிறதே" என்று ஒரு மனக்குரல். ஒத்திகையில் உருகி உருகிப் பேசினேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, அவங்க வீட்ல மெழுகு எப்ப உருகும்?"

"சிலைக்கு அச்சு போட்டு, சூடு பண்றப்ப சார்."

"மெழுகு உருகி வெளிய வந்தா?"

"அந்த எடத்துல உலோகத்த ஊத்துவாங்க."

"அப்ப மெழுகு உருகினா அவங்களுக்கு நல்ல சேதி. வேலை சரியாப் போகுதுன்னு அர்த்தம். புருஷன் போனதுக்கு அவ அதையா நினைப்பா? மெழுகுவத்தி ஏத்தி வச்சுக்கிட்டு எழுதுறவனுக்குத்தான் மெழுகு உருகினா சோகம்."

அந்த வரியை அடித்தார். எனக்குத் தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஒரு பாத்திரம் எதை எதோடு ஒப்பிடுகிறது என்பதிலேயே அது யார் என்பது தெரிந்துவிடும். 'அவள் ஏழை, அவள் பிடிவாதக்காரி' என்று நாம் சொல்லவே வேண்டாம். பிற்காலத்தில் என்னிடம் வந்த நாடகங்களை அந்த ஒரு பாடத்தை வைத்தே திருத்தினேன். ஒரு பஸ் கண்டக்டர் 'வாழ்க்கை ஒரு பயணம்' என்று நினைப்பதாக ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். பயணம் என்று பயணிதான் நினைப்பான், கண்டக்டருக்கு அது டியூட்டி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஆறு மாசம் அவர் என்னிடம் பேசவில்லை, பேசாவிட்டால் போகட்டும்.

ஆனால் அந்தப் பாடத்தைச் சொல்லித்தந்த மனிதரோடேயே நான் மோத வேண்டி வந்தது.

மதியழகன் என்ற இளைஞர் நீடாமங்கலத்திலிருந்து ஒரு நாடகம் அனுப்பியிருந்தார். புதிதாக வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்தவர். அவர் அம்மாவைப் பற்றிய நாடகம் அது, பாத்திரத்துக்கும் அம்மா பெயரையே வைத்திருந்தார், அஞ்சலை. அஞ்சலை வாழ்நாள் பூராவும் ஒரே பண்ணையில் நடவு நட்டவள். குடியிருந்த கூரை வீடும் அந்தப் பண்ணைக்காரர் இடத்தில்தான். பட்டா கிடையாது, 'இரு' என்றால் இருக்கலாம், 'போ' என்றால் போக வேண்டும். அஞ்சலையாகப் பேசப்போவது நான்.

நடுக்காட்சியில் அஞ்சலை சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறாள். வரப்பில் பண்ணைக்காரர் வந்து நின்று, "என்ன அஞ்சலை, எப்படி இருக்க?" என்கிறார். மதியழகன் அங்கே ஒரு மனக்குரல் எழுதியிருந்தார்:

"காலையிலேருந்து பின்னாலயே போய்க்கிட்டு இருக்கேன். நீடாமங்கலம் டேசன்ல கூட்ஸ் வண்டி நிக்கும். எஞ்சினக் கழட்டிக்கிட்டுப் போயி அந்தக் கோடியில மாட்டுவாங்க. அதே பொட்டிதான், அதே பாரந்தான், பின்னால கெடந்தது முன்னால போவும். என்னைய எவனாவது அப்படிக் கழட்டி மாட்டினா என்னா?"

நடவு நட்டவர்களுக்குத் தெரியும், நட நடப் பின்னால்தான் நகர வேண்டும். கரையேறுகிறவரை முன்னால் ஓரடி கிடையாது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் அம்மா எதை நினைத்துக்கொண்டு நட்டாள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

பிரதி சாரின் மேசையிலிருந்து திரும்பி வந்தபோது அந்த இடம் முழுக்கப் பச்சை. கூட்ஸ் வண்டி போய்விட்டது. அதற்குப் பதில் சாரே எழுதியிருந்தார்: "என் மனசு நாத்து மாதிரி. எங்க பறிச்சு எங்க நட்டாலும் வேர் புடிச்சுக்கும்." பக்கத்தில், எக்கோ, புல்லாங்குழல்.

அழகான வரிதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம். பிரதியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"ரயில் எதுக்கும்மா அங்க? அந்தம்மா மண்ணோட மகள். மண்ணத்தான் நினைப்பாங்க."

"சார், மெழுகு உருகினத நீங்கதான் அடிச்சீங்க."

"அது வேற."

"எப்படி சார் வேற?"

கண்ணாடியைக் கழற்றினார். "நான் குத்தாலத்துல வயல் நடுவுல வளர்ந்தவன். அந்த ஜனங்கள எனக்குத் தெரியும். அவங்களுக்கு வயலவிட்டா உலகமே கிடையாது."

"வயலவிட்டா உலகம் இல்லாதது உங்களுக்கு சார். அது உங்க வயல். எங்களுக்கு அது வேலை. வேலை எப்ப முடியும்னுதான் பாப்போம்."

"ரெக்கார்டிங்ல பச்சைல இருக்கறதைப் பேசுங்க" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். நான் வெளியே வந்தேன். என் ஒப்பந்தத்தை அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது என்பது அப்போதும் ஞாபகம் இருந்தது.

ஒலிப்பதிவு அன்றைக்கு மதியழகன் தன் அம்மாவையும் அழைத்து வந்துவிட்டார். கறுத்து மெலிந்த உடம்பு, மகன் வாங்கிக்கொடுத்த புதுச் சேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பொறியாளர் உட்காருகிற அறையில் சார் தானே நாற்காலி இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். காபி வரவழைத்தார். உபசாரத்தில் அவர் குறை வைக்கிறவர் இல்லை. அந்தம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, சார் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நடவு நடறப்ப மனசுல என்னம்மா ஓடும் உங்களுக்கு?"

அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றாள். "பயிரப் பாத்தா பெத்த புள்ளையப் பாத்தாப்புல இருக்குங்கய்யா. வேற என்னா நெனப்பு வரப்போவுது? நம்ம பயிராச்சே."

சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாம்மா? நம்ம பயிர்ங்கறாங்க" என்றார் என்னிடம். மதியழகன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. யாருக்காகச் சண்டை போட்டேனோ அவளே என்னைக் கவிழ்த்துவிட்டாள்.

ஒத்திகைக்கு நடுவில் தண்ணீர் குடிக்கத் தாழ்வாரத்துக்குப் போனேன். அந்தம்மாவும் பின்னாலேயே வந்தாள். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"ஏன், நல்லால்லியா?" என்று சிரித்தாள். "நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

ஊரைச் சொன்னேன், அம்மா பெயரைச் சொன்னேன். "நடவுக்காரி மவதானா? அப்பறம் என்னா கேள்வி இது? அய்யா மாருங்க வரப்புல வந்து நின்னுக்கிட்டு 'என்னா அஞ்சல, எப்படி இருக்கே'ம்பாங்க. இடுப்பு ஒடியுதுய்யான்னா சொல்லுவ? நம்ம பயிருய்யா, நம்ம வயலுய்யான்னு சொல்லணும். அவுகளுக்கும் குளுந்துரும், நமக்கும் அன்னிக்குப் பொழுது போயிரும். வாயில வர்றது ஒண்ணு, உள்ள ஓடறது ஒண்ணு."

"அந்த கூட்ஸ் வண்டி?"

"அது உள்ள ஓடறதுதான். சொரத்துல கெடந்தப்ப ஒளறிட்டேன் போலருக்கு. எழுதிப்புட்டான் பாவிப்பய." திட்டினாலும் முகத்தில் பெருமை வழிந்தது.

எங்கம்மாவும் கூலி கேட்கப் போகிற அன்றைக்குத்தான் 'நம்ம வயல்' என்பாள். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்தக் கணம்வரை உறைக்கவில்லை. சார் எழுதிய வரி தப்பே இல்லை. இருக்கிற இடம்தான் தப்பு. அது வாயில் வருகிற வரி, அதைக் கொண்டுபோய் மனசுக்குள் வைத்துவிட்டார்.

"அத நான் மைக்ல சொல்லப்போறேன்மா. உங்களுக்குச் சம்மதமா?"

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லத்தானே வந்துருக்க?" என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. காட்சி ஓடியது. பண்ணைக்காரராக நடித்தவர், "என்ன அஞ்சலை, எப்படி இருக்க?" என்றார். நான் ஒரு முழம் தள்ளியே நின்று, முகத்தை நிமிர்த்தி, வரப்பில் நிற்கிறவருக்குச் சொல்கிற குழைவோடு பேசினேன்: "எனக்கென்னங்கய்யா! என் மனசு நாத்து மாதிரி. எங்க பறிச்சு எங்க நட்டாலும் வேர் புடிச்சுக்கும்." கூடவே ஒரு சிரிப்பு. பிறகு நாலு விரல் தூரத்துக்கு வந்தேன். பச்சையில் அடித்திருந்த கூட்ஸ் வண்டியை, எனக்கு மனப்பாடமாக இருந்ததை, ஒரு சொல் விடாமல் சொன்னேன். குரலை இறக்கவில்லை. அழவும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளர் எக்கோ போட மறந்து உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு சார் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மதியழகனும் அஞ்சலையும்.

"பிரதியில இப்படி இல்லியேம்மா."

"உங்க வரி அப்படியே இருக்கு சார். 'எனக்கென்னங்கய்யா'ன்னு முன்னாடி ஒண்ணு சேத்தேன். அத உரக்கச் சொன்னேன், அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வைக்க அங்கே மேசை இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல நடவு ஆளுங்க இந்த மாதிரி அழகழகாச் சொல்லுவாங்க. சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன்" என்றார். "நான் நாடகத்துல எழுதினதெல்லாம் அவங்க எங்கிட்டச் சொன்னதுதான்."

"உங்ககிட்டச் சொன்னது சார் அது" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்? ஒப்பந்தம் போனால் போகிறது என்று நின்றேன்.

சார் மைக்கைப் பார்த்தார், மதியழகனைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இப்படியே போகட்டும். புல்லாங்குழல் வேண்டாம்" என்றார். உடனே அவருக்குள் இருந்த நிர்வாகி விழித்துக்கொண்டார். "ஆனா தம்பி, பேரை மாத்திடலாம். உங்க ஊர்ப் பண்ணைக்காரர் வீட்லயும் ரேடியோ இருக்கும். அம்மா குடியிருக்கறது அவர் எடம். கேட்டுட்டு ஏதாவது ஆச்சுன்னா? அஞ்சலைங்கறத வேற எதாவது... கண்ணம்மா, பொன்னம்மான்னு வச்சுக்கலாம்."

அக்கறையாகத்தான் சொன்னார். மதியழகன் முகம் வெளுத்துவிட்டது. "ஆமாம்மா, மாத்திடுவோம். நாளைக்கே காலி பண்ணுன்னா எங்கம்மா போவ? என் சம்பளத்துல வாடகைக்கு எடம் பாக்க இன்னும் கொஞ்ச நாள் ஆவும்" என்றார். வரிக்காகச் சண்டை போட்டேனே தவிர, அவள் கூரையை நான் யோசிக்கவில்லை.

சார் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"எதுக்குய்யா மாத்துறீங்க?" என்றாள் அஞ்சலை. இந்தத் தடவை குரலில் குழைவு இல்லை. "நாத்து மாதிரின்னு நீங்க எழுதுனப்ப அஞ்சலன்னுதானே இருந்துச்சு? அப்ப யாரும் பேர மாத்தணும்னு சொல்லல. நான் நெனைக்காததுக்கெல்லாம் எம்பேரு, நெனச்சதுக்கு மட்டும் எவ பேரோவா?"

"அம்மா, வீடு..." என்றார் மதியழகன்.

"வீடு போனா எம்மவன் கட்டுவான். எழுதுங்க, அஞ்சலன்னே எழுதுங்க."

சார் பேனாவை மூடினார். ஒலிபரப்பில் பாத்திரங்களின் பெயர்களைப் படித்தது நான்தான். அஞ்சலை என்றே படித்தேன்.